திமிங்கில வேட்டைக்காரர் முனியசாமி

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, மேடம். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பேன். ஊரில் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள். அதனால்தான் படித்து, துபாய்க்கு வந்து, ஒரு டிவி கம்பெனியில் சேர்ந்தேன். அவர்கள் என்னை மறுபடியும் கடலிலேயே கொண்டுபோய் விட்டார்கள். தலையெழுத்தை யார் மாற்ற முடியும்?

உம்மு ஹானி மேடம், உங்கள் ஊர் கீழக்கரை என்று கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. என் வாக்குமூலத்தை நீங்கள் அரபியில் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். போலீஸ்காரர் அவசரப்பட்டால் சமாளித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிகழ்ச்சி, திமிங்கிலங்களைக் காப்பாற்றும் வெள்ளைக்காரர்களைப் பற்றியது. தென்துருவக் கடலில் வேட்டைக் கப்பல்களை அவர்கள் விரட்டுவார்கள், நாங்கள் பின்னாலேயே போய்ப் படம் எடுப்போம். ரியாலிட்டி ஷோ. என்னுடைய வேலை கேமரா, கூடவே மொழிபெயர்ப்பு. அந்த வருஷம் அவர்கள் கப்பல் எஞ்சின் பழுதாகி, ரிப்பேருக்கு துபாய் வந்து, அது சரியாவதற்குள் தென்துருவம் போகும் சீசன் முடிந்துபோயிற்று. ஓமான் கடலில் திமிங்கிலம் உண்டு, வேட்டையாடத்தான் ஆள் இல்லை. "வில்லன் மாஃபி, ஷோ கலாஸ்", வில்லன் இல்லை, ஷோ முடிந்தது என்று டைரக்டர் மஹ்மூது தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் வில்லனைப் பிடித்துக் கொடுத்தேன்.

முனியசாமி அண்ணன் எங்கள் ஊர்க்காரர். கோர்ஃபக்கானில் விசா கொடுத்த கஃபீலின் மீன்பிடிப் படகை ஓட்டிக்கொண்டிருந்தார். கூட செய்கு முகம்மது என்று ஒருவர். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் தண்ணீர்க் குழாயை அறுத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, ஈட்டித் துப்பாக்கி மாதிரி ஒன்றைச் செய்து படகின் முன்னால் பொருத்தினோம். அண்ணன் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"தம்பி, திமிங்கிலத்தக் கண்டா கும்புட்டுட்டு ஒதுங்கிப் போற ஆளுக நாங்க. சாமி குத்தம் ஆயிராதுல்ல?"

"சும்மா நடிப்புதாண்ணே. டிவில வந்தா நாகவள்ளி அண்ணியே பாக்கும்ல."

மனைவி பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார். நல்ல மனுஷன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இது நாடகம் என்று கப்பலில் என்னையும் மஹ்மூதையும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்கள் முகத்தில் அந்தக் கோபம் வந்திருக்காது. அண்ணனின் படகைக் கண்டதும் நாற்றமெடுக்கும் புட்டிகளை வீசினார்கள். பிறகு கனத்த கயிறு ஒன்றை அவர் பாதையில் போட்டார்கள். வேட்டைக் கப்பலை நிறுத்த அவர்கள் எப்போதும் செய்வதுதான். பெரிய கப்பல் என்றால் வெறுமனே நின்றுபோகும். இது சின்னப் படகு. கயிறு எஞ்சின் காற்றாடியில் சுற்றி, அச்சைப் பிடுங்கி, பின்பக்கம் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கேமரா ஜூமில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அண்ணன் கைலியை அவிழ்த்து, துடுப்பில் கட்டி உயர்த்தினார்.

நம் கரையில் பிறந்தவர்களுக்கு அதற்கு விளக்கம் வேண்டாம். படகு முழுகுது, வாங்க என்று அர்த்தம். பகையாளி காட்டினாலும் வலையை அறுத்துப் போட்டுவிட்டு ஓடுவார்கள். என் அப்பா ஒரு தடவை அப்படித்தான் உயிரோடு கரை சேர்ந்தார்.

அது என்ன துணி என்று கேப்டன் என்னிடம் கேட்டார். இடுப்புத் துணியை உருவிக் காட்டுவது எங்கள் ஊரில் கேவலமான வசவு என்றேன். கப்பலே கொதித்துப்போயிற்று. நாலைந்து பேர் வரிசையாக நின்று, கால்சட்டையை இறக்கி, பதிலுக்குப் பின்புறத்தைக் காட்டினார்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. அண்ணன் கத்தினார். அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். திமிங்கிலத்தை விடமாட்டோம், குறுக்கே வந்தால் உங்களையும் வெட்டுவோம் என்கிறார் என்றேன். கயிற்றை அறுத்துக்கொண்டு கரைக்குப் போய்த் தொலையட்டும் என்று சொல்லி, கேப்டன் கப்பலைத் திருப்பினார்.

ஏன் என்று கேட்கிறீர்கள். கப்பலில் ஏற்றினால் அண்ணன் பேசுவார். வெகுளி, வாயில் எதுவும் தங்காது. குழாய்த் துப்பாக்கி சந்தி சிரிக்கும். ஷோ போகும், எத்தனையோ பேர் பிழைப்பு போகும். எங்கள் ஷோவைப் பார்த்துத் திமிங்கிலத்துக்காக அழுகிறவர்கள் அப்புறம் அழுவார்களா? ரெண்டு ஆளா, அத்தனை திமிங்கிலமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

உடல்கள் திப்பா கரையில் ஒதுங்கின. மீன்பிடி விபத்து என்று முடித்துவிட்டார்கள். அண்ணனை ஊருக்கு அனுப்பும் வேலையெல்லாம் நான்தான் ஓடியாடிப் பார்த்தேன். நாகவள்ளி அண்ணிக்குப் போன் செய்ததும் நான்தான். அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும். எடிட்டிங்கில் படகு முழுகுவதை வெட்டிவிட்டேன், ஆனால் அண்ணன் கத்தியதை வைத்துக்கொண்டு, கீழே இங்கிலீஷில் நானே சப்டைட்டில் போட்டேன். அந்தக் குரலில் இருந்த உயிர் வேறு எந்தக் காட்சியிலும் இல்லை, எடுக்க மனசு வரவில்லை. சப்டைட்டில் படிக்கிறவன் தமிழையா கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். ஷார்ஜா தொழிலாளர் கேம்ப்களில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது நம் ஆட்கள் என்பது மறந்துபோயிற்று. அவர்களுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. குரலைத்தான் கேட்டு, போலீசுக்குப் போயிருக்கிறார்கள்.

டேப்பில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் நான் சொன்னதாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

"தம்பி, எங்கள ஏத்திக்கப்பா. நடிக்க வந்தோம்னு யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன். நாகவள்ளி மேல சத்தியம்."

சத்தியம் பண்ணினால் உயிரே போனாலும் மீறாதவர் அவர். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் வெயில் சரியாக அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது, மேடம். அந்த நேரத்தில் யாராவது கேமராவை நிறுத்துவார்களா?