மாவு மிஷின் ஓடும்போது

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் ஏதோ ஒரு வெளிநாட்டில் ராணுவ முகாமில் சமையல்காரர், லீவில் வந்திருக்கிறார். மற்றவர் அவருடைய மச்சான். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

“சிப்பாய்ங்க கிச்சனுக்கு வந்தா, மொதல்ல மாவு பிசையிற மிஷின போடச் சொல்லுவானுங்க. அந்தச் சத்தத்துலதான் வாயத் தொறப்பானுங்க.”

“அப்பிடி என்னா பேசுவானுங்க?”

“அவனுங்க அதிபரு செத்துட்டான், டிவில காட்றதெல்லாம் பழைய படம்னு பேசிக்கினு இருந்தானுங்க. அப்ப வீட்டுக்கு அனுப்பிடுவாங்களான்னு கேட்டு ஒருத்தன் அழுதுட்டான்.”

“மிஷின் ரிப்பேராயிட்டா?”

“ஒருத்தனும் பேச மாட்டான். துன்னுட்டு போய்க்கினே இருப்பானுங்க.”

“நீ சொல்லு மச்சான், நெஜமாவே செத்துட்டானா?”

கூட்டேரிப்பட்டில் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்கினார். பஸ்ஸுக்குள் சத்தமே இல்லை. சமையல்காரர் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார்.

“சேச்சே, அவரு தங்கமான மனுஷன்,” என்றார் உரக்க. “நூறு வருஷம் நல்லா இருக்கணும்.”