கட்டிலுக்கடியில் ஒரு கியர்பாக்ஸ்

– இன்னும் அரை மணி நேரம் நிக்கட்டும். பொண்ணு கேட்டு வந்தவங்களை வந்ததும் உள்ள கூப்பிட்டா அப்புறம் நம்ம வீட்டுக்கு என்ன மரியாதை? முறைன்னு ஒண்ணு இருக்கு, மசேகோ.

– ஒரு மணி நேரமாச்சு மாமா. மூணு பேருமே கோட்டு போட்டிருக்காங்க. இந்த ருஸ்டன்பர்க் வெயில்ல கோட்டோட கேட்டுக்கு வெளியே நிக்கறாங்க.

– கோட்டு போட்டது அவங்க மரியாதை. நிக்க வைக்கிறது என் மரியாதை. உங்கம்மா இருந்திருந்தா அவளும் இதைத்தான் சொல்லியிருப்பா. ஏய் போனோலோ, அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கு.

– நீங்களே விலக்கிக்குங்க. என் கை பூரா மாவு. ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமாச்சு, இன்னும் திரை விலக்க ஒரு பியூன் வேணும் உங்களுக்கு.

– ஒரு கிழவர். கூட ரெண்டு பேர். பரிசம் பேச வைக்கிற பிராந்தி பாட்டிலைக் கிழவர்தான் பிடிச்சிருக்கார், சரி, அது முறைதான். இரு இரு. அவருக்குப் பக்கத்துல நிக்குதே, அது என்ன?

– எது மாமா?

– சிவப்புக் கார். சதுர மூஞ்சி, நாலு விளக்கு. மசேகோ, அது குஷேஷே தானே? அந்தக் காலத்து பி.எம்.டபிள்யூ?

– ஆமா. ரெண்டு கதவு. எண்பத்தொம்பதாம் வருஷத்து வண்டி.

– வருஷம் வரைக்கும் சொல்ற.

– சைலன்சர் கடையில பில் போடறவ மாமா நான். நாள் பூரா வண்டிகளைத்தான் பாத்துட்டு இருக்கேன்.

– போனோலோ, கேட்டியா? எட்டு மாட்டுக்கு மேல முடியாதுன்னு சொல்லி அனுப்பிச்ச மாப்பிள்ளை, குஷேஷே வச்சிருக்கான். அதுல ஆளுங்களை ஏத்தி என் வாசலுக்கே அனுப்பிச்சிருக்கான். நான் என்ன இளிச்சவாயனா? பரிசம் பன்னிரண்டு மாடு. மாட்டுக்கு இவ்வளவுன்னு பணமா எண்ணி வைக்கட்டும். இல்லைன்னா நாலு மாட்டுக்குப் பதிலா அந்தக் காரை விட்டுட்டுப் போகட்டும்.

– மாமா, கட்லேகோகிட்ட எட்டு மாட்டுக்குத்தான் பணம் இருக்கு. ஒம்பதுன்னாகூட இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளியாச்சு. எனக்கு முப்பத்தொண்ணு.

– ஆரம்பப் பள்ளி வாத்தியார் சம்பளம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? நான் கையெழுத்து போட்டுக் கொடுத்த சம்பளம். அதுல இந்தக் காரோட கண்ணாடிகூட வாங்க முடியாது. ஒண்ணு திருடியிருக்கணும், இல்ல கடனாளியா இருக்கணும். திருடனுக்கும் பொண்ணு கொடுக்க மாட்டேன், கடன்காரனுக்கும் கொடுக்க மாட்டேன்.

– கடன்காரங்களைப் பத்தி இந்த வீட்ல சத்தமா பேசாதீங்க. கோழிக்கூண்டுக்குப் பின்னால தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கீங்களே ஒரு வெள்ளை வண்டி, அதுக்குக் காது கேக்கும்.

– அது தூசிக்காக மூடினது.

– ஆமாமா. பேங்க்லேர்ந்து ஒரு தூசி மோட்டார்சைக்கிள்ல வந்து விசாரிச்சுட்டுப் போச்சே போன வாரம்.

– அத்தை, விடுங்க. மாமா, அந்த வண்டிக்கு ஒரு ரேண்ட் கடன் கிடையாது. எப்படி வாங்கினதுன்னு எனக்குத் தெரியும். சொல்லட்டுமா?

– சொல்லு. கேட்டுட்டு அப்புறமும் பன்னிரண்டுதான்.

– ஆறு பேரு. சொவேட்டோவுல ஒரே தெருவுல வாடகைக்கு இருந்தவங்க. ஒருத்தன் முடி வெட்றவன், ஒருத்தன் சூப்பர்மார்க்கெட்ல வாட்ச்மேன், இப்படி. ஆறு பேருக்குமே குஷேஷே பைத்தியம். சனிக்கிழமை ஆனா மைதானத்துக்குப் போய், அடுத்தவங்க வண்டியைப் பம்பரமா சுத்தறதைப் பாத்துட்டு, சட்டை பூரா டயர் பொகையோட திரும்பி வருவாங்க. ஒரு நாள் உக்காந்து சீட்டு போட்டாங்க. மாசம் ஆளுக்கு ஆயிரம் ரேண்ட்.

– சீட்டா? எங்க ஸ்டாஃப் ரூம்லயும்தான் போட்டோம். மூணாவது மாசம் அறிவியல் வாத்தியார் எடுத்துட்டு ஊரை விட்டே போயிட்டான்.

– இதுல எடுத்துட்டு ஓட முடியாது மாமா. பணமா யாரும் கையில வாங்கக் கூடாது, அது ஒண்ணுதான் சட்டம். இந்த மாசம் உங்க முறைன்னா ஆறு பேரும் சேர்ந்து பழைய சாமான் யார்டுக்குப் போவாங்க. உங்களுக்கு கியர்பாக்ஸ் வேணும்னா கியர்பாக்ஸைத் தூக்கி உங்க தோள்ல வைப்பாங்க. கொண்டு போய்க் கட்டிலுக்கடியில தள்ளிடணும்.

– பணமாவே கொடுத்தா என்னவாம்? பேங்க்ல போட்டு வைக்கிறது.

– பணமா இருந்தா ரெண்டே நாள்ல சொந்தத்துல யாராவது செத்துப்போவாங்க மாமா. இல்ல யாருக்காவது ஸ்கூல் பீஸ் கட்டணும். பெரியப்பா போன் பண்ணுவார், சித்தி நேர்லயே வருவாங்க. எப்படித்தான் தெரியுமோ, தெரிஞ்சுடும். கியர்பாக்ஸை யார் கேப்பா? இது வரைக்கும் எந்தச் சொந்தக்காரரும் வந்து, உன் கியர்பாக்ஸைக் கொடு, மாசக் கடைசியில திருப்பித் தர்றேன்னு சொன்னதில்ல.

– என்னை எதுக்குப் பாக்கற?

– அவ பாக்கல. நான்தான் பாக்கறேன். போன மார்ச்ல வண்டித் தவணைக்கு இவகிட்டதானே கேட்டீங்க?

– அது கைமாத்து. மேல சொல்லு. எத்தனை வருஷம்?

– ஏழு.

– ஏழு வருஷமா ஒரு காருக்கு?

– முதல்ல வாங்கினது ஸ்டீயரிங். கார் கிடையாது, சக்கரம் கிடையாது, வெறும் ஸ்டீயரிங். ரெண்டு வருஷம் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டியிருந்தது. வாடகை வாங்கற வீட்டுக்காரம்மா அதைக் கடிகாரம்னு நெனச்சு, ஏன் முள்ளு இல்லைன்னு கேட்டாங்க.

– சிரிக்காத போனோலோ.

– அப்புறம் காரோட வெறும் கூடு. ஒரு பண்ணையில கிடந்தது, உள்ள கோழி முட்டையிட்டுட்டு இருந்துச்சு. பண்ணைக்காரர் பாதி விலை பணமா வாங்கிக்கிட்டார், மீதிக்கு ஆறு பேரும் நாலு ஞாயித்துக்கிழமை போய் வேலி கட்டிக் கொடுத்தாங்க. மூணு வருஷம் அந்தக் கூட்டுக்கு இன்ஜினே இல்ல. வாராவாரம் அதைக் கழுவறது மட்டும் நிக்கல.

– ஓடாத வண்டியை எதுக்குக் கழுவறது?

– ஓடும்ங்கறது மறந்து போகாம இருக்கத்தான்.

– ம். மாசம் ஆயிரம் சீட்டுக்குப் போயிட்டா சாப்பாடு?

– மத்தியானம் கடையில எல்லாரும் கோட்டா வாங்கித் தின்னுவாங்க. கால் ரொட்டியைக் குடைஞ்சு, உருளைக்கிழங்கு, அச்சார், சாசேஜ் எல்லாம் திணிச்சு. அந்த வாசனை இருக்கே, கொடுமை. அதுக்கு நடுவுல வீட்லேர்ந்து கொண்டு போன ஆறின களியைத் தின்னணும். ஏழு வருஷமா அதான். காலையில நாலரை மணிக்கு டாக்ஸி ஸ்டாண்டுல மினிபஸ் கழுவற வேலை, அதை முடிச்சுட்டுத்தான் பகல் வேலைக்கு. குளிர்காலத்துல தண்ணி கையில பட்டா விரலே இல்லாத மாதிரி இருக்கும்.

– அந்த வாத்தியாரா? மினிபஸ்ஸா? போன கிறிஸ்துமஸ்ல பாத்தேன், கைக்குட்டையை நாலா மடிச்சு வச்சிருந்தானே.

– மடிச்சு வச்சுக்கறவங்க கழுவக் கூடாதா மாமா?

– இல்ல, சொன்னேன். ஆனா இதெல்லாம் சரியாப் போனவரைக்கும்தானே? ஒருத்தன் கவிழ்த்தா சீட்டு போச்சு.

– கவிழ்ந்தது. முடி வெட்ற பையனோட அம்மா செத்துட்டாங்க. அடக்கத்துக்கு ஊரையே கூப்பிட்டுச் சோறு போடணும்ல, மாடு வெட்டணும்ல. முறைன்னு ஒண்ணு இருக்கே. கட்டிலுக்கடியில இருந்த இன்ஜினை எடுத்து வித்துட்டான். யார்கிட்டயும் சொல்லல. ஒரு மாசம் மூஞ்சியைக் காட்டல.

– பாத்தியா? நான் சொன்னேன்ல?

– மத்த அஞ்சு பேரும் அந்த இன்ஜின் எங்க போச்சுன்னு தேடினாங்க. ப்ரிட்டோரியாவுல ஒரு கடையில இருந்துச்சு. ஆளாளுக்கு ஒரு முறையை விட்டுக் கொடுத்து அஞ்சு மாசத்துல திருப்பி வாங்கினாங்க. ஒரு ராத்திரி அவன் ரூம் வாசல்ல இறக்கி வச்சுட்டு, கதவைத் தட்டிட்டு ஓடிட்டாங்க. காலையில பாத்தா பையன் இன்ஜின் மேல உக்காந்து அழுதுட்டு இருக்கான். மாமா, எல்லாரும் இந்தப் பசங்களை, டயரைப் பொசுக்கற வெட்டிப் பயலுகன்னு சொல்றாங்க. அந்த டயருமே டயர் கடைக்காரங்க தேஞ்சு போச்சுன்னு தூக்கிப் போட்டது.

– ஏங்க, இன்னும் ஜன்னல்கிட்டயே நின்னு என்ன பாக்கறீங்க?

– அந்த நாலு விளக்கை.

– திரையை விட்டுட்டு வாங்க. அவங்க பாத்துடப் போறாங்க.

– எண்பத்தொம்பதுல எனக்கு முதல் வேலை. முதல் சம்பளத்தோட ஜோஹனஸ்பர்க் போனேன். எனக்குன்னே அளவெடுத்துத் தைச்ச கோட்டு. வெள்ளைக்காரங்க கார் கடைக் கண்ணாடிக்குப் பின்னால இதே கார், இதே சிவப்பு. உள்ள போயிட்டேன். அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க அப்படியெல்லாம் உள்ள போறதில்ல. விக்கறவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கல. நான் துடைக்க வந்தவன்னு நெனச்சு ஒரு துணியை எடுத்து நீட்டினான்.

– இதை எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே.

– எதுக்குச் சொல்லணும்?

– நீங்க என்ன பண்ணீங்க மாமா?

– துடைச்சேன். மேல, பக்கவாட்டுல, அந்த நாலு விளக்கு, எல்லாத்தையும். அப்படியாவது தொட்டுப் பாக்கலாமேன்னுதான். துணியை மடிச்சு வச்சுட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் கல்யாணம், வீடு, தம்பிங்க படிப்பு. முழுக் காருக்கான பணம் எந்த வருஷமும் சேரல. ஸ்டீயரிங் மட்டும் வாங்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல பாரு.

– இந்தாங்க, தண்ணி குடிங்க.

– எனக்கு எதுக்குத் தண்ணி? வெளியே நிக்கறாங்களே, அவங்களுக்குக் கொண்டு போய்க் கொடு. போனோலோ, நில்லு. கிழவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. பன்னிரண்டும் இல்ல, எட்டும் இல்ல. ஏழு.

– ஏழா? முறைப்படி உள்ள வந்து உக்காந்து, பாட்டிலை வச்சு, அப்புறம்தானே பேசணும்?

– ஏழு வருஷம் ஆறின களி தின்ன ஆளோட பெரியவங்களைக் கேட்டுக்கு வெளியே வச்சா முறை பேசறது? ஏழு மாடு. பேச்சு முடிஞ்சது. இப்படி ஒரு ஆள் என் குடும்பத்துல இல்லையேங்கறதுதான் எனக்கு வருத்தம். எங்க பரம்பரையில எல்லாம் வாங்கறதுக்கு முன்னாடியே கடன் பத்திரத்துல கையெழுத்து போடற ஜாதி. நீ போ, சொல்லிட்டு வா.

– மாமா.

– நீ ஏன் கண்ணைத் துடைக்கிற? நகத்தைப் பாரு, ஓரமெல்லாம் கறுப்பா. இன்னிக்கு ஒரு நாளாவது சோப்புப் போட்டு நல்லாத் தேச்சிருக்கலாம்ல? நாளைக்கு அந்தப் பையன் வரட்டும். கையைக் குலுக்கிட்டு, என்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போப்பான்னு கேக்கப் போறேன். கேக்கலாம்ல? முறையில இடமிருக்கா?

– இருக்கு மாமா.

– ஏங்க. ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க.

– என்ன ஆச்சு? ஏழு பத்தாதா அவங்களுக்கு?

– ஏழுன்னு சொன்னதும் கிழவர் தொப்பியைக் கழட்டிட்டு அப்படியே நின்னுட்டார். ஒரு மணி நேரமா பயந்து செத்துட்டு இருந்தாங்களாம்.

– என்ன பயம்?

– அந்தக் காரைப் பாத்துத்தான். வாசல்லயே இப்படி ஒரு குஷேஷே நிக்குது, இவ்வளவு பெரிய வீடா நம்ம பையன் போய்ப் பாத்திருக்கான், இவங்க இருபது மாடு கேட்டாலும் கேப்பாங்கன்னு பேசிட்டு இருந்தாங்களாம். உங்க கார்னு நெனச்சிருக்காங்க.

– என் காரா? அவங்க வந்த காராச்சே அது.

– அவங்க மினிபஸ்ல வந்து தெருமுனையில இறங்கி நடந்து வந்தாங்க. நிழலுக்குத்தான் பக்கத்துல நின்னோம், கை படவே இல்லம்மான்னு அந்த மனுஷன் சத்தியம் பண்றார்.

– அப்ப மாப்பிள்ளை ஓட்டிட்டு வந்து விட்டிருப்பான்.

– நல்லா ஓட்டினான். அந்தப் பையன் சைக்கிள்ல ஏறினாலே விழுந்துடுவானாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க.

– மசேகோ.

– மாமா.

– எண்பத்தொம்பதாம் வருஷத்து வண்டின்னு சொன்ன. வீட்டுக்காரம்மா கடிகாரம்னு நெனச்சாங்கன்னு சொன்ன. யாரு வண்டி அது?

– அவங்க உள்ள வந்து உக்காந்து கோட்டைக் கழட்டட்டும் மாமா. அதுக்குள்ள நாம போயிட்டு வந்துடலாம். நேத்து ராத்திரி நீங்க தூங்கினப்புறம் சொவேட்டோவுலேர்ந்து நான் அதுலதான் வந்தேன். நீங்க முன் சீட்டுல உக்காருங்க, நான்தான் ஓட்டுவேன்.