வாசலில் படர்ந்த கற்பூரவல்லி

கற்பூரவல்லிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கக் கூடாது, சார். முதலில் எனக்கும் தெரியாது. வாசலில் புல்கூடப் பிடிக்காத மணலை மூடட்டும் என்று நட்டு, தினமும் ஊற்றினேன். வேர் அழுகிப்போனது. அடுத்த தடவை நட்டுவிட்டுக் கண்டுகொள்ளவே இல்லை. மெத்து மெத்தென்ற இலையோடு தரையெல்லாம் படர்ந்துவிட்டது. கொடுக்கக் கொடுக்கத்தான் கெடுகிறது என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

மட்டாஞ்சேரியில் குழாய்த் தண்ணீர் வருகிற லட்சணம் உங்களுக்கே தெரியும். கிணற்றில் உப்பு. லாரி வந்தால் குடத்தோடு ஓடுவது நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் ரமேஷ்பாபு ஜூ டவுன் கிடங்கில் மிளகு மூட்டை தூக்குகிறவர். வீட்டுக்கு ஒரு குடம் தூக்கமாட்டார். நாத்தனார் சோனியா தோப்பும்படியிலிருந்து வருவாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், சாயா குடித்துவிட்டுப் போவாள். அவள்மேல் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான்.

மாமியார் வழுக்கி விழுந்து, இடுப்பொடிந்து படுக்கையானார். குடிப்பதெல்லாம் படுக்கையில் போனது. ஒரு விரிப்பை அலச எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அலசுகிறவளுக்குத்தான் தெரியும். அதனால் குறைத்தேன். காலையில் ஒரு டம்ளர், பிறகு அரை, பிறகு உதட்டில் ஈரத்துணி. விரிப்பு காய்ந்தே இருந்தது.

"கட்டில்ல ஒரு நாத்தமும் இல்ல, அண்ணி" என்று சோனியாகூட மெச்சினாள்.

"மோளே, இத்திரி வெள்ளம் தா" என்று மாமியார் தண்ணீர் கேட்பார். "இப்பத்தானே குடிச்சீங்க, அத்தே" என்பேன். நம்பிவிடுவார். சண்டைக்காரி இல்லை, பாவம். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். பழகிக்கொண்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

கண் செருகியதும், முறைப்படி வாயில் துளசித் தண்ணீர் விட எல்லோரையும் கூப்பிட்டேன். மகன் என்ற முறையில் என் வீட்டுக்காரர் முதல் கரண்டி விட்டார். கிழவி கரண்டியைப் பல்லால் கவ்விக்கொண்டு விடவே இல்லை. பக்கத்து வீட்டுக் காளியம்மை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். போய், தன் வீட்டிலிருந்து ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். அத்தனையும் உள்ளே போனது. மறுநாள் காலையில் உயிர் போயிற்று. ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதும் அவள்தான்.

நான் எதையும் மறைக்கவில்லை. தண்ணீரை நிறுத்தியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நியாயமாக யோசித்துப் பாருங்கள், சார். அன்றைக்குக் காளியம்மை அவ்வளவு தண்ணீரைக் கொடுக்காமல் இருந்திருந்தால், அத்தை இன்னும் கொஞ்ச நாள் நன்றாக இருந்திருப்பார்.