முழங்கை உயரம்

உங்கள் மேசை இரண்டு அங்குலம் உயரம் அதிகம், மேடம். எழுதும்போது வலது தோள் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சாயங்காலமானால் கழுத்து வலிக்குமே. நாற்காலியை உயர்த்தினால் போதும். புது மேசை வாங்கச் சொல்லி யாராவது வந்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

இதெல்லாம் அளவுக்காரர் சொல்லிக் கொடுத்தது. ஆளுக்குத் தகுந்தபடி அளவெடுத்துச் சமையலறை செய்து தருகிறவர். அவரிடம் எதுவும் தயாராக இருக்காது. வீட்டுக்காரி நேரில் வந்து நிற்க வேண்டும், காய் நறுக்குவதுபோல் கையை மடக்கிக் காட்ட வேண்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் நாலு விரல்கடை கழித்து மேடையின் உயரத்தைக் குறித்துக்கொள்வார். அந்த அளவை முதல் அலமாரியின் உட்பக்கத்தில் பென்சிலால் தேதியோடு எழுதிவைப்பது அவர் வழக்கம்.

சமையலறை என் தங்கையுடையது. அவளுக்கு வேலை, அலைச்சல். "அக்கா, நீயே போய்ப் பேசி முடிச்சிடேன். நான் போனா என் தலையில மிளகாய் அரைச்சிடுவாங்க" என்றாள். உண்மைதான், அவளுக்கு விலை கேட்கவே கூச்சம். கேட்காமலே எல்லாம் கிடைத்துப் பழகியவள்.

எங்கள் குடும்பத்தில் பேரம் என்றால் நான்தான். முதலில் சொல்லும் விலை முகத்தைப் பார்த்துச் சொல்லும் விலை, மேடம். நான் ஐந்து முறை போனேன். முதல் முறை எதுவும் பிடித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த முறை மரத்துக்கு எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொன்னேன். பிரித்தால்தான் எங்கே ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரியும். கதவுக்கு வெளிப்பக்கம் நல்ல மரம், உள்ளே ஒட்டுப்பலகை போதும். கைப்பிடிகளை வெளியில் வாங்கினேன். சமையலறை நடுவில் தனியாக நிற்கும் நடுமேடைக்கு, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன கல் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. அதன் மூலைகளை உருட்டித் தர அளவுக்காரர் தனிக் கூலி கேட்டார். "கூரா இருக்கும்மா, இடிச்சா வலிக்கும்" என்றார். "பாத்து நடந்துக்குறோம்" என்றேன். கடைசித் தவணையை வேலை முடியும்வரை கையிலேயே வைத்திருந்தேன். ஒரு வருடம் முடியும்போது இலவசமாக வந்து எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும் என்று எழுதியும் வாங்கினேன். அந்த ஒரு வரியை வாங்காமல் இருந்திருந்தால் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனாலும் நல்ல வரி. நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

அளவெடுக்கும் நாளில் தங்கைக்கு வர முடியவில்லை. "வீட்டுக்காரம்மா யாரு?" என்று அளவுக்காரர் கேட்டார். "நான்தான்" என்றேன். பொய் என்று எழுதாதீர்கள், வாயில் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். கையை மடக்கினேன். அவர் நாடாவை என் முழங்கையில் வைத்தார். என் உயரத்துக்கென்று அதுவரை யாரும் எதையும் செய்ததில்லை.

தங்கை வீட்டுக்காரருக்கு முதலில் பேசியது என்னைத்தான். அது உங்களுக்குத் தெரிந்திருக்கும், கேட்காமல் இருப்பது உங்கள் நாகரிகம். வந்து உட்கார்ந்தவர், தண்ணீர் கொண்டுவந்த தங்கையைப் பார்த்தார். அவ்வளவுதான். யாரும் சண்டை போடவில்லை. அந்த வாரத்திலிருந்தே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். எட்டு வருடம். எனக்கு வயிறு எரிந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. அவள் சிரித்தால் எரிந்தது. அவர் அவளுக்குக் குடை பிடித்தால் எரிந்தது. கொடியில் அவர் சட்டைகள் காய்வதைப் பார்த்தால்கூட எரிந்தது. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பொறாமைக்காரி இப்படி நடையாய் நடந்து மிச்சப்படுத்திக் கொடுப்பாளா?

நான் அவளைவிட ஒரு சாண் உயரம். மேடை அவளுக்கு அரைச் சாண் மேலே போய்விட்டது. முதல் நாள் தோளைத் தூக்கிக்கொண்டு நறுக்கிப் பார்த்தாள். "என்னக்கா, நான் குள்ளமாயிட்டேனா?" என்று சிரித்தாள். "இப்பல்லாம் இதான் அளவு" என்றேன். நம்பிவிட்டாள். நான் எதைச் சொன்னாலும் நம்புவாள், அதுவும் எனக்குப் பிடிக்காது.

அளவுக்காரரிடம், வீட்டில் இன்னொருத்தி குள்ளம், மேல் தட்டு எட்ட அவளுக்கு ஒரு படி வேண்டும் என்று சொல்லி, காசு கொடுக்காமலே ஒரு படி வாங்கினேன். மேடைக்கு அடியில் இருக்கும் பலகையை இழுத்தால் இழுப்பறைபோல் வெளியே வந்து படியாக நிற்கும். ஏறி நிற்கும்போது உள்ளே ஓடிவிடாமல் ஒரு கொண்டி பிடித்துக்கொள்ளும். கொண்டிக்கு இரண்டு பித்தளைத் திருகாணிகள்.

பகலில் அவர்கள் வேலைக்குப் போனபின் சாவி என்னிடம் இருக்கும். போய் அந்த மேடை முன்னால் நிற்பேன். தோள் தூக்காது, முதுகு வளையாது. எதையாவது சமைத்து மூடிவைத்துவிட்டு வருவேன். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று அவர் சொன்னதை அவளே ஃபோனில் சொல்வாள், பெருமையாக. அவளைப் பாராட்டியதுபோல.

பதினோராவது மாதம் அவளுக்குத் தோள் வலி வந்தது. என் முன்னாலேயே அவர் சொன்னார்: "அந்த மேடைய இடிச்சு உன் உயரத்துக்கு இறக்கிடலாம். எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல."

எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை. அந்த வார்த்தையைக் கவனியுங்கள், மேடம். நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தவள், எனக்காக யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "அக்காவையே பேசச் சொல்லுவோம். குறைச்சு முடிச்சுத் தருவா" என்றாள். சரி என்றேன்.

வியாழக்கிழமை பகலில் போனேன். ஐந்து நிமிட வேலை. படி பார்க்க அப்படியேதான் இருந்தது. தெரிந்தேதான் கழற்றினேன். சும்மா பயமுறுத்த என்று சொல்லலாம், வக்கீல்கூட அப்படித்தான் சொல்லச் சொன்னார். பயமுறுத்த ஒரு திருகாணி போதும்.

சனிக்கிழமை காலை மேல் தட்டில் இருந்த பாத்திரத்தை எடுக்க ஏறி எக்கியிருக்கிறாள். படி உள்ளே ஓடிவிட்டது. பின்னால் நடுமேடையின் மூலை. அப்போது நான் என் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூலையை உருட்டியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் அந்தக் கூலி அநியாயம், இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

பிறகு மூன்று வாரம் நான்தான் அங்கே சமைத்தேன். அவர் இளைத்துப்போயிருந்தார், யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் இல்லையா? அந்த மூன்று வாரத்தில் அவர் என்னை ஒருமுறைகூட அக்கா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை, அது வேறு விஷயம்.

அப்போதுதான் அளவுக்காரர் அந்த இலவச வேலைக்கு வந்தார். படியை இழுத்துக் குனிந்து பார்த்தார். தானாகப் பிய்ந்திருந்தால் மரம் சிதறியிருக்கும், இது யாரோ பொறுமையாகக் கழற்றியது என்றார். சுவரில் இருந்த தங்கையின் படத்தைப் பார்த்து, "இவங்க யாரு?" என்று கேட்டார். "என் சம்சாரம்" என்றார் அவர். அளவுக்காரர் அலமாரியைத் திறந்து தன் பென்சில் எழுத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவரும் பார்த்தார். எட்டு வருடத்தில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

திருகாணிகளை எறிந்திருந்தால் உங்களுக்குக் கஷ்டமாகியிருக்கும். நல்ல பித்தளை, தூக்கிப்போட மனசு வரவில்லை. என் வீட்டு அலமாரிக் கைப்பிடிக்குப் போட்டுவிட்டேன். நீங்களே கழற்றிப் பார்த்தீர்களே, எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்தன.

ஆக, நான்தான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும், சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று. அந்தச் சமையலறையையே பிரித்துப்போட அவர் ஆள் வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னீர்கள். கோபத்தில் சொல்லியிருப்பார். பழைய சாமானாகப் போட்டால் கால் விலைகூடத் தேறாது, கல்லும் எடுக்கும்போதே உடைந்துவிடும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். மேடையில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்காரியை நிற்க வைத்து அளவெடுத்துச் செய்தது.