பெயர் எழுதிய சிவப்பு அட்டை

‘டப்’ என்று ஒரு சத்தம். பழைய பிக்சர் டியூபில் தங்கிய மின்சாரத்தை இறக்கும்போது வழக்கமாக வருகிற சத்தம்தான். வைத்திலிங்கம் அண்ணன் துள்ளிப் பின்னால் போய், பிறகு சிரித்தார். சுவிட்சை அணைத்துவிட்டதாலேயே எதுவும் செத்துவிடுவதில்லை, உள்ளே கொஞ்சம் உட்கார்ந்திருக்கும் என்று அவருக்குச் சொன்னேன்.

அந்த வேலை இப்படித்தான் ஆரம்பித்தது, இன்ஸ்பெக்டர் அய்யா. அவர் இறந்ததை விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மேல் குறை இல்லை. யார் வந்து பார்த்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டால் போதும். எனக்கும் களைப்பாக இருக்கிறது, ஒரே தடவையில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தனகோடி. மந்தாரக்குப்பத்தில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இப்போது எல்லார் வீட்டிலும் தட்டை டி.வி. வந்துவிட்டது. பெட்டி டி.வி.யின் உள்ளே கை வைக்கத் தெரிந்தவன் இந்தப் பக்கம் நான் ஒருவன்தான் மிச்சம். அதனால்தான் 2015 ஏப்ரலில் வைத்திலிங்கம் அண்ணன் என்னைத் தேடி வந்தார். அவரிடம் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. ஆள் உயரப் பெட்டி. முன்னால் திரை, கீழே இரண்டு கைப்பிடி, ஆறு பட்டன். ஒரு காலத்தில் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் வரிசையில் நின்று ஆடிய பெட்டி. கடையை மூடியபோது இவர் வாங்கி வடக்குத்து வீட்டில் போர்வை போர்த்தி வைத்திருந்தார். மே மாத லீவுக்குப் பெங்களூரிலிருந்து பேத்தி வருகிறாள், அதற்குள் ஓட வேண்டும் என்றார்.

பெட்டியில் இரண்டு கோளாறு. போட்டால் படம் முழுதும் நசுங்கி, திரையின் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடாக நிற்கும். அதைச் சரி செய்தேன். உள்ளே ஒரு ஈயப் பற்றவைப்பு மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது கோளாறு பவர் சப்ளையில். பத்து நிமிடம் ஓடும், பிறகு ஆட்டம் தானாக அணைந்து முதலிலிருந்து தொடங்கும். மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில், சூடு ஏற ஏற நாலேகாலுக்கு இறங்கியது. கெப்பாசிட்டர்கள் உப்பிய பூரி மாதிரி மேலே வீங்கியிருந்தன. சின்ன வேலை. சாமான் பாண்டிச்சேரியிலிருந்து வர வேண்டும் என்பதால்தான் நாலு நாள் ஆனது.

அந்த நாலு நாளும் அவர் என் பக்கத்திலேயே இருந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். டார்ச் பிடிப்பார், பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவார், ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் எண்ணிப் போடுவார். அவர் மனைவி பெரியநாயகியம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “பெட்டியப் பாத்துகினே இருந்தா பசி அடங்கிடுமா, ரெண்டு பேரும் எழுந்து வந்து சாப்புடுங்க” என்பார். நானும் எழுந்து போய்ச் சாப்பிட்டேன். அவர்கள் கையால் நாலு நாள் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் வெளியூர்க்காரர். எங்கள் சுரங்கப் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெஷினில் கை வைக்கப் போகிறவன் முதலில் சுவிட்சை அணைப்பான். பிறகு தன் பெயரைச் சிவப்பு அட்டையில் எழுதி, அந்தச் சுவிட்சிலேயே கம்பியால் கட்டுவான். கட்டியவன்தான் கழற்றலாம். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் அதைத் தொட மாட்டார். முப்பது வருடம் அப்படி வேலை பார்த்தவர்களுக்கு அது வீட்டுக்குள்ளும் வந்துவிடும். குவார்ட்டர்ஸில் ஃபேன் கழற்றுகிறவர்கூட காலண்டர் அட்டையைக் கிழித்துப் பெயர் எழுதி மாட்டுவார். அட்டை தொங்கினால் லைன் செத்தது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

முதல் நாளே வைத்திலிங்கம் அண்ணன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய சிவப்பு அட்டையைத் தேடி எடுத்து வந்தார். “பேரு எழுதிக் கட்டுடா, அப்பத்தான் நான் கிட்ட வருவேன்” என்றார். எழுதிக் கட்டினேன்.

அந்த அட்டையைக் கையில் வாங்கியபோது எனக்கு என் தம்பி ஞாபகம் வந்தது. ஜெயப்பிரகாஷ். 2004-இல் நாங்கள் இருவரும் சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம், நிலக்கரி ஏற்றிப்போகும் பெல்ட் யார்டில் வேலை செய்தோம். வைத்திலிங்கம் அண்ணன்தான் ஃபோர்மேன். ஒரு நாள் மதியம் தம்பி ரோலர் மாற்ற பெல்ட்டுக்கு அடியில் போனான். இவர் மேலே சுவிட்சைப் போட்டார். பெல்ட் ஓடியது. விசாரணையில், சுவிட்சில் அட்டை இல்லை, இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன் என்று இவர் சொன்னார். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அட்டை இருந்தது. ஆஸ்பத்திரியில் தம்பியின் துணிமணியை என்னிடம்தான் கொடுத்தார்கள். சட்டைப் பையில் மடிக்காத அட்டை. அவன் பெயர் அவன் கையெழுத்தில். ஓட்டையில் கோத்த கம்பி வளையாமல் நேராக இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இவர் அட்டையைக் கழற்றி, சுவிட்சைப் போட்டு, நடந்தது தெரிந்ததும் ஓடி வந்து பையில் செருகியிருக்கிறார். ஐம்பது பேர் சூழ்ந்து நின்ற இடத்தில் அது எப்படி முடியும் என்று என் மனைவி கேட்டாள். கட்டியிருந்த கம்பி எப்படி நேராக இருக்கும் என்றும் கேட்டாள். பெண்களுக்கு யார்டு வேலை தெரியாது. அட்டையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பதினொரு வருடம் நான் அவரை எதுவும் செய்யவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கோபக்காரனாக இருந்தால் அப்போதே செய்திருப்பேன். வழியில் பார்த்தால் வணக்கம் வைப்பேன். அவரும் நின்று, நல்லா இருக்கியாடா என்பார்.

நாலாவது நாள் மாசப் பூசம். பெரியநாயகியம்மா ஜோதி பார்க்க வடலூர் போயிருந்தார். அண்ணன் குளித்துவிட்டு வருவதற்குள் பெட்டியின் ஒயரை அந்தச் சுவிட்சிலிருந்து எடுத்து, பின்சுவரில் இருந்த இன்வெர்ட்டர் லைனில் கொடுத்தேன். சுவிட்ச் அணைந்திருந்தது. அட்டை தொங்கியது. இரண்டும் உண்மைதான். அந்தச் சுவிட்சுக்கும் பெட்டிக்கும் இனி சம்பந்தம் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. பவர் சப்ளைப் பெட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளே தூசி இருக்கிறது, கொஞ்சம் துடைத்துக் கொடுங்கள் அண்ணே என்றேன். ஈரக் காலோடு வந்தவர் உட்கார்ந்து துணியோடு கையை விட்டார். நேரம் அதிகம் ஆகவில்லை.

பிறகு ஒயரைப் பழைய இடத்துக்கு மாற்றினேன். அட்டையையும் நான்தான் கழற்றினேன். கட்டியவன்தான் கழற்ற வேண்டும். அப்புறம் பக்கத்து வீட்டு ராஜாங்கத்தைக் கூப்பிட்டேன். நான் டீ குடிக்கப் போயிருந்தபோது அண்ணனே சுவிட்சைப் போட்டுவிட்டார் என்று சொன்னேன். இத்தனை வருஷம் யார்டுல இருந்துட்டு இப்பிடிப் பண்ணிட்டாரே என்று ராஜாங்கம் அழுதான். எல்லாரும் அதையே சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியநாயகியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் ஆசைப்பட்டது, பாதியில் நிற்க வேண்டாம், பேத்திக்காவது ஆகட்டும் என்றார். போனேன். கெப்பாசிட்டர்களை மாற்றிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். ஐந்து வோல்ட் அசையாமல் நின்றது. படம் பளிச்சென்று வந்தது. அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன், அணையவில்லை. வேலையில் நான் குறை வைப்பதில்லை.

அந்த அம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னார். “ஒன் தம்பி எடது பக்கம் நிப்பான், இவரு வலது பக்கம். ஷிப்டு வுட்டதும் வூட்டுக்கு வராம அங்கதான் ஆடிகினு இருப்பாங்க. அவன் போனப்புறம் இவரு கடப் பக்கமே போவல. கடைய மூடறாங்கன்னதும் போயி இதத் தூக்கியாந்தாரு.”

அதைக் கேட்டு மனம் மாறி இங்கே வந்தேன் என்று எழுத வேண்டாம். நான் செய்தது நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அட்டையை மதிக்காத ஒரு ஆளை, அட்டையைக் கொண்டே தண்டித்தேன். களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். ராத்திரி தூக்கமெல்லாம் நன்றாகத்தான் வருகிறது.

கடைசியாக அவர் ஏதாவது பேசினாரா என்று கேட்கிறீர்கள். பேசினார். நான் அவருக்கு ஒரு வாய்ப்பும் கொடுத்தேன், அதையும் சேர்த்து எழுதுங்கள். கையை விடும் முன் டெஸ்டரை நீட்டி, வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். அவர் அதை வாங்கவில்லை. சுவிட்ச் போர்டைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். என் பெயரைப் படித்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

“அதான் அட்ட தொங்கிகினு இருக்கே, டெஸ்டரு என்னாத்துக்கு? அட்டைய மதிக்காத ஆளாடா நானு?”