கடைசியில் நடப்பவர்

மாலை ஆறு மணி. பல்கலைக்கழகத்துக்குள்ளே, இரண்டு பக்கமும் மரம் அடர்ந்த ஒரு சாலை. வண்டிகளை அன்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்...

அந்த ஜன்னலை யாராவது சாத்துங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது என் சிநேகிதனுடைய பெரியப்பாவுக்கு நடந்தது.

பெரியப்பா அங்கே துணைவேந்தர். பதவிக்கு வந்து முதல் பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, அலுவலகத்திலிருந்து அரங்கம் வரை எல்லோரும் வரிசையாக நடக்க வேண்டும். அதற்கொரு முறை உண்டு. சின்னப் பதவி முன்னால், பெரிய பதவி பின்னால். பேராசிரியர்கள், பதிவாளர்... கடைசியில் துணைவேந்தர். வேந்தர் வந்தால் அவர் இன்னும் பின்னால் வருவார். அன்று வேந்தர் வரவில்லை. ஆக, பெரியப்பாவுக்குப் பின்னால் வெறும் சாலை.

பாதி வழியில் சத்தம் கேட்டது. ஒரு காலடி... பிறகு ஒரு இழுப்பு. காலடி... இழுப்பு. கூடவே மூட்டுவலித் தைலத்தின் வாடை.

பெரியப்பா நடையை எட்டிப் போட்டார். திரும்பவில்லை. யாரென்றுதான் தெரியுமே. இவர் பதிவாளராக இருந்த காலமெல்லாம் அந்தச் சத்தத்துக்கு முன்னால்தானே நடந்திருக்கிறார்? பழைய துணைவேந்தருக்கு ஒரு கால் இழுக்கும். அவர் செத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

அவர் பதவியில் இருந்தபோது மாணவர் விடுதியில் சுவர் விரிசல் விட்டிருந்தது. இன்றைக்கே காலி செய்யுங்கள் என்று பழையவர் இவரிடம் தொலைபேசியில் சொன்னார். தேர்வு முடியட்டுமே என்று இவர் தள்ளிப்போட்டார். மழையில் சுவர் விழுந்தது. ஒரு பிள்ளை போய்விட்டான். விசாரணையில், எனக்கு அப்படி உத்தரவே வரவில்லை என்று இவர் கூசாமல் சொல்லிவிட்டார். பழி முழுக்கப் பழையவர் தலையில். பதவி போய், மானம் போய், மனசு விட்டுப்போய் மனுஷர் போய்ச் சேர்ந்தார். நாற்காலி இவருக்கு வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அன்றிலிருந்து பெரியப்பாவுக்குத் தூக்கமே கிடையாது. குற்ற உணர்ச்சி ஆளைத் தின்றது. ஆனால் வாய் மட்டும் திறக்கவில்லை.

விழா அன்று காலையில் பழையவரின் மனைவி நேரில் வந்திருந்தார்.

"காலி பண்ணுங்கன்னு அவரு சொன்னது நெஜம்தான்னு மேடையில ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

பார்க்கலாம் அம்மா என்று அனுப்பிவிட்டார்.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் கூட்டம் எழுந்து நின்றது. துணைவேந்தர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். அதுவும் முறைதான். பெரியப்பா மேடையேறி, நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒருவரும் உட்காரவில்லை.

உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். ம்ஹூம். அத்தனை பேரும் அவருடைய தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தைல வாடை பிடரியில் அடித்தது. எழுந்து மைக்கிடம் போனார். முன்வரிசையில் அந்த அம்மாள். அவர் மட்டும் இவர் முகத்தையே பார்த்தார். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்ததாம்... சொல்லவில்லை. விழா தொடங்குகிறது என்று மட்டும் அறிவித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

முடியும்வரை கூட்டம் நின்றது. பிறகும் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தப்பித்தோம் என்று வீடு வந்து சேர்ந்தார். பெரியம்மா தட்டில் சாப்பாடு எடுத்து வைத்தார். அவருக்கு இந்தக் கதை எதுவுமே தெரியாது. பெரியப்பா மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். பெரியம்மா நின்றுகொண்டே இருந்தார். பேத்தியும் நின்றாள். ஏன் நிற்கிறீர்கள், உட்கார்ந்து சாப்பிடுங்களேன் என்றார்.

பெரியம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தபடி, மரியாதையாகக் குரலைத் தணித்துச் சொன்னார்.

"அவரு இன்னும் உட்காரலயேங்க..."