சம்பந்தம் பேச மூன்று நாவல்கள்

அலோ… ஆமா, நான்தான் பேசறேன்… அட, உன்ற அண்ணன்தான் அம்மணி. தொண்டை கட்டிப்போச்சு. மூணு நாவலையும் வாய் விட்டுப் படிச்சேனில்ல… அதென்ன செய்யறது, முப்பத்தஞ்சு வருசம் வகுப்புல சத்தம் போட்டே படிச்சவனுக்கு, வாயை மூடிட்டுப் படிச்சா மண்டையில ஏறறதில்ல.

ஆமா… ஆமாமா… மூணையும் முடிச்சுப்போட்டுத்தான் போன வாரமே அருள்குமார்கிட்டக் குடுத்தனுப்பினேன். உன்ற மகன் ஊடு வரைக்கும் கொண்டுவந்து சேத்தினானா, இல்ல ஆபீஸ்லயே… பிரிட்ஜ் மேல இருக்குதா? சரி… நீ தொடவேயில்ல. சரி, நம்பறேன்.

பொறு. நீ என்ன கேட்டேங்கறத நானே ஒருக்கா சொல்லிப் பாக்கறேன். தப்பா இருந்தாத் திருத்து. காங்கேயத்துப் பொண்ணு லோகப்பிரியாவ நம்ம அருளுக்குப் பேசியிருக்கறோம். பொண்ணு நாவல் எழுதுது. பேய்க்கதை ஒண்ணு, மாயாஜாலக் கதை ஒண்ணு, விஞ்ஞானக் கதை ஒண்ணு. கல்யாணத்துக்கப்பறம் எழுதக் கூடாதுன்னு நீ கண்டிசன் போட்டே. அப்படின்னாக் கல்யாணமே வேண்டாம்னு அந்தப் புள்ள சொல்லிப்போடுச்சு. அருளு அந்தப் புள்ளையத் தவுத்து வேற யாரையும் கட்டமாட்டேங்கறான். இன்னைக்குப் பொழுதோட பொண்ணோட அப்பா தனபாலுக்கு ஒரு முடிவு சொல்லோணும். 'தாய்மாமன் படிச்சுப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாரு'ன்னு சொல்லிட்டா, பழி உன்மேல வராது. அதுக்குத்தான் மூணு நாவலையும் என்ற தலையில… நீ அப்படிச் சொல்லலையா? ஆமா, சொல்லல. 'அண்ணா, படிச்சுப் பாத்து ஒரு கொறை கண்டுபிடிச்சுச் சொல்லுங்க'ன்னுதான் சொன்னே. வித்தியாசம் பெருசுதான்.

சரி, அபிப்பிராயம் கேட்டுக்கோ. மொதல்ல பேய்க்கதை. பேரு 'கொப்பரைக் களம்'. எண்ணெய் மில்லுக்குப் பின்னால கொப்பரை காயவைக்கற களத்துல ஒரு பேய் சுத்துது… பயமா? எங்கம்மணி பயம்? அந்தப் பேய் கதவத் தட்டி, 'ஏனுங்க, கொஞ்சம் தொறங்க'ன்னு கேக்குது. கழுத்த நெரிக்கறதுக்கு முந்தி 'சாப்புட்டீங்களா'ன்னு விசாரிக்குது. போன மாசம் உன்ற ஊட்டுக்கு வந்தப்ப என்னைய ஒருத்தரும் அப்படிக் கேக்கல… காப்பி குடுத்தே. ஆமா, குடுத்தே. ஆறின காப்பி. குத்தமாச் சொல்லல, தகவலாச் சொல்றேன்.

ஆனா ஒரு எடத்துல, காயப்போட்ட கொப்பரையெல்லாம் ஆள் இல்லாம, காத்தும் இல்லாம, ஒண்ணொண்ணாத் திரும்பிப் படுக்குதுன்னு எழுதியிருக்குது பாரு… அதப் படிச்சப்ப தட்டுல தேங்காய்ச் சட்னி இருந்துச்சு. அக்கட்ட நகத்தி வெச்சுப்போட்டேன். அந்த ஒரு பக்கத்துக்கு முழு மார்க் போடலாம். மத்த பக்கத்துக்கெல்லாம் அந்தப் பேயோட மரியாதைக்காகப் பாஸ் போட்டிருக்கறேன்.

ரெண்டாவது, மாயாஜாலம். 'ஏழாவது ஜமக்காளம்'… பவானி ஜமக்காளம்தான். அதுல படுத்தவங்க வேற ராஜ்யத்துல எந்திரிக்கறாங்க. அறுநூத்தி இருவது பக்கம். நாப்பத்திரெண்டு ராஜா. யாரு யாருக்குப் பங்காளி, யாரு யாருக்கு மாமன் மச்சான்னு தனியா ஒரு நோட்டுப் போட்டு எழுதி வெச்சேன். நம்ம சொந்தம் ஒறம்பரையிலயே எனக்கு அத்தனை பேரத் தெரியாது. கடைசியில ஒரு சண்டை வருது. வாள் எடுக்கறதுக்கு முந்தி ஆளாளுக்கு நாலு பக்கம் பேசறாங்க. எதிரிப் படை பாவம், அதுவரைக்கும் வெய்யில்ல நிக்குது.

என்னது?… ராணியா? உப்புச் சாடிக்குப் பூட்டுப் போட்டு, சாவிய இடுப்புல செருகியிருக்கற கெழட்டு ராணி… ஆமா, அதுல வாரா… உன்னையப் பாத்து எழுதினதா! அம்மணி, அந்தப் புஸ்தகம் வந்து நாலு வருசமாச்சு. அந்தப் புள்ள உன்னைய மொதல்ல பாத்தது இந்தத் தை மாசம். பாக்கறதுக்கு நாலு வருசம் முந்தியே எழுதியிருந்தா, அதையும் விஞ்ஞானக் கதையிலதான் சேத்தோணும். அதுவுமில்லாம நீ பூட்டறது பிரிட்ஜத்தானே. உப்ப இல்லையே.

அது சரி, தொடாத புஸ்தகத்துல ராணி இருக்கறது உனக்கெப்படித் தெரியும்?… ஓ, அருள் சொன்னானா. சரி, சரி. நான் எதுவும் கேக்கல.

மூணாவது, 'ஆயிரத்திருநூறு அடி'. போன வருசம் வந்தது. செவ்வாய்க் கிரகத்துல போர்வெல் போடறாங்க… ஆமா, போர்வெல்தான். வெளையாடல. கோயமுத்தூர்ப் பொண்ணு ஒருத்தி, இஞ்சினியர், மோட்டார் பம்ப ராக்கெட்டுல ஏத்திக்கிட்டுப் போறா. ஆயிரத்திருநூறு அடி எறக்கியும் தண்ணி இல்ல, பொகையாத்தான் வருது. அதப் பாக்கறக்கு நான் எதுக்குச் செவ்வாய்க்குப் போகோணும்? நம்ம தோட்டத்துல நட்டு வெச்சிருக்கற நாலு குழாய் போதாதா? அப்பறம் அந்தப் பம்புக்குக் கரண்டு எங்கிருந்து வருதுன்னு முந்நூறு பக்கத்துல ஒரு வரி கெடையாது. அங்கயும் விவசாயிக்கு இலவசம்னு நெனைச்சுட்டாளோ என்னமோ.

என்ன?… ஆமாமா, போயிட்டா. பெத்தவளச் சிங்காநல்லூர்ல தனியா உட்டுட்டுத்தான் போயிட்டா. கல்நெஞ்சுக்காரிதான், நீ சொல்றது…

இரு. இரு அம்மணி. சிங்காநல்லூர்னு நான் எப்பச் சொன்னேன்?… அருள் சொல்லியிருக்க மாட்டான். மூணாம் அத்தியாயத்துலயே தூங்கிட்டேன்னு எங்கிட்டயே ஒத்துக்கிட்டான். அந்தம்மா சிங்காநல்லூர்ல இருக்கற சங்கதி பதினேழாம் அத்தியாயத்துலதான் வருது… சும்மா பொரட்டிப் பாத்தியா? பொரட்டுனது போய் கரெக்டாப் பதினேழுல நின்னுச்சா? சாந்தாமணி, பிட்டு வெச்சு எழுதறவன அவன் உக்காந்திருக்கற தோரணையிலயே கண்டுபிடிச்சவன் நானு. உண்மையச் சொல்லு.

… எல்லாமேயா?… மூணையுமா!… அதுலயும் கடைசிப் புஸ்தகம் மட்டும் ரெண்டு தடவ… ம்… ம்…

அட, அழுகாத… அழுகாத கண்ணு… ஆமா, நானும் படிச்சேனே. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் அந்தம்மா போன அரிசி டிரம்மு மேல வெச்சுட்டுப் பக்கத்துலயே நிக்கறா. அங்கதான் சிக்னல் எடுக்குதுன்னு… ஆமா. பதினோரு வாரமாச் செவ்வாயிலிருந்து செய்தியில்ல… ஆமா… மக கேக்கலாம்னு அன்னன்னைக்கு என்ன சமைச்சேன்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கறா. ஆமா…

… அப்படிச் சொல்லு. அதுதானா விசயம். எழுதற பொண்ணு, இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு, உன்ற ஒத்த மகனக் கூட்டிக்கிட்டு எங்கியோ கண்காணாம போயிரும்; நீயும் இப்படி அரிசி டிரம்மு ஓரத்துல நிக்கோணும். அதுக்குப் பயந்துதான் இந்தக் கண்டிசன். இத மொதல்லயே சொல்லியிருந்தா, நாப்பத்திரெண்டு ராஜாவுகிட்டயிருந்து நான் தப்பிச்சிருப்பேனே… சிரிக்கல. நெசமாவே சிரிக்கல… எனக்கென்ன தெரியும் அம்மணி, நான் படிச்சது மூணு நாவல், ஜோசியம் படிக்கல. ஆனா அந்தம்மா நிக்கறத அத்தனை கவனமாப் பாத்து எழுதின புள்ள, உன்னைய மறந்துபோடும்னு எனக்குத் தோணல. அவ்வளவுதான் சொல்லுவேன்.

என்னது? கிழிச்சுட்டேனா? எதை?… கடைசிப் பக்கத்தையா? நானா! புஸ்தகத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டவனையே பெஞ்சு மேல ஏத்தினவன் நானு. நான் கிழிப்பேனா?… ஆமா, போன்ல வெளிச்சம் வருது. அந்தம்மா ஈரக்கையச் சேலையில தொடைச்சுட்டு எடுக்கறா. அதோட சரி… ஒரு தாளும் கொறையல. போய்ப் பாரு. அந்தப் பக்கத்துல கீழ, பொடி எழுத்துல ஒண்ணு போட்டிருக்கும். கண்ணாடியப் போட்டுக்கோ. நான் லைன்லயே இருக்கறேன்…

… படி… 'முதற்பாகம் முற்றும்.' அதேதான்.

… ரெண்டாம் பாகம் எந்தக் கடையிலயும் கெடைக்காது. அருள்கிட்டச் சொன்னாலும் கெடைக்காது. அந்தப் புள்ள இன்னும் எழுதல… ஆமா, எழுதவேயில்ல. தனபாலக் கேட்டேன். கல்யாணச் சோலியெல்லாம் முடிஞ்சப்பறம் ஆரம்பிக்கலாம்னு இருந்துச்சாம்… ஆமா. உன்ற கண்டிசன்படி பாத்தா அந்தம்மாளுக்குப் பேசறது யாருன்னே தெரியப் போறதில்ல. போனக் கையில புடிச்சுக்கிட்டு அப்படியே நிக்க வேண்டியதுதான். நிக்க வெக்கறது அந்தப் புள்ள இல்ல சாந்தா, நீ.

… என்ன?… ரெண்டாம் பாகம் எழுதி முடிக்க எத்தனை நாளாகும்னா?

… ரெண்டு வருசம் ஆகும்னு தனபால் சொன்னாரு… சீக்கரம் எழுதச் சொல்லறதா? அதென்ன இட்லி மாவா, சுவிச்சப் போட்டு அரைச்செடுக்க?… அந்தப் புள்ள உக்காந்து எழுத மாடி ரூமா? பழைய பீரோவெல்லாம் அடைஞ்சு கெடக்குதே, அதா?… காலி பண்ணி மேசை போடலாம். சன்னலோரமாவே போடலாம். வெளிச்சம் நல்லா வரும்… ஆமா… ஆமா…

சரி, தாய்மாமன்ங்கற மொறையில நானே தனபாலுக்குப் பேசிப்போடட்டுமா?… வேண்டாமா?… அந்தப் புள்ளைகிட்ட நேராவே பேசறியா? இப்பவேயா? இரு, நம்பர் தாரேன், எழுதிக்கோ… உன்கிட்டயே இருக்குதா! அப்ப அதுவும் ரகசியமாத்தான் இருந்திருக்குது. பேசு, பேசு. நல்லதாப் போச்சு.

ஆனா ஒண்ணு. பழைய கண்டிசன எடுத்துப்போட்டேன்னு மட்டும் சொல்லு. அந்தம்மாளுக்குப் பேசறது மகதான்னு எழுதினாத்தான் கல்யாணம்னு, புதுசா ஒரு கண்டிசனப் போட்டுப்போடாத… என்ன?… அதத்தான் சொல்லப் போறியா? அம்மணி, கேளு. எழுதறவங்ககிட்ட அப்படியெல்லாம்… அலோ?… சாந்தா?… அலோ?

வெச்சுப்போட்டா.